கூரைக்கு வராத தவணை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குளுவாங் ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நான், என் மனைவி, அவருடைய அண்ணன் மகன். பையன் சிங்கப்பூரில் கணினி வேலை. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கே பாலத்தைக் கடக்கிறவன், ஞாயிற்றுக்கிழமையாவது ஒழுங்காக ஒரு காப்பி குடிக்கட்டும் என்று ஜொகூர் பாருவிலிருந்து இங்கே கூட்டி வந்திருந்தோம். காயா தடவிய ரொட்டி வருவதற்குள் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன், அதை என் பக்கம் திருப்பினான்.

இலங்கையின் வடக்கில் ஏதோ ஒரு திறப்பு விழா. இரண்டு நாட்டுக் கொடிகள், குத்துவிளக்கு, மாலை போட்ட அதிகாரிகள், பின்னால் வரிசையாக நிற்கவைக்கப்பட்ட பெண்கள்.

"மாமா, இதெல்லாம் அந்த ஜனங்களுக்கு நிஜமாகவே போய்ச் சேருமா, இல்லை படம் பிடிக்கத்தானா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "உன் மாமாவிடமே கேள். அவருக்கு அது நன்றாகத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்து அரைவேக்காட்டு முட்டையில் தொட்டுக்கொண்டார். அந்தச் சொல்லில் இருந்த முள் எனக்கு மட்டும்தான் தெரியும். பையனுக்கு அன்று அரைகுறையாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதிலை இந்த வாரம் இங்கே எழுதிவிடுகிறேன். அவனும் இந்தப் பக்கத்தைப் படிப்பவன்தான்.

முதலில், ஏன் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் ரயிலோடு சம்பந்தம் உண்டு. ஆனால் ஒரே மாதிரியான சம்பந்தம் இல்லை.

என் மனைவியின் தாத்தா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஜொகூரின் சின்னச் சின்ன நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். அந்தக் காலத்தில் இப்படி ஆயிரக்கணக்கானோர். ரயில்வே, நில அளவை, கருவூலம், ஆஸ்பத்திரி என்று எந்த அரசாங்க அலுவலகத்தில் நுழைந்தாலும் ஒரு சிலோன்காரர் உட்கார்ந்திருப்பார். திரும்பிப் போனவர்களை அங்கே 'மலாயன் பென்ஷனியர்' என்றே அழைப்பார்களாம். யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளில் எத்தனையோ இந்த நாட்டுச் சம்பளத்தில் எழும்பியவை. யாழ்ப்பாண நகரச் சந்தைக்குப் பக்கத்தில் இன்றைக்கும் 'மலாயன் கபே' என்ற பெயரில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வாழையிலையில் சாப்பாடு போடுகிறார்கள்.

என் தாத்தா வேறு. லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943இல் ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். சயாம்–பர்மா ரயில், 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்குக் கொண்டுபோனார்கள். என் அப்பாவுக்கு அப்போது நான்கு வயது. தாத்தா திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதும் தெரியாது. அந்த மரண ரயிலுக்குத் தண்டவாளம் போதாமல் கெமாஸிலிருந்து கிளந்தான் பக்கம் போகும் நம்முடைய கிழக்குக்கரைப் பாதையையே ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனான் என்பதும் வரலாறு. ஆளையும் எடுத்தான், இரும்பையும் எடுத்தான்.

(ஸ்டேஷன் மாஸ்டர் பேத்திக்கும் தோட்டத்துப் பையனுக்கும் 1991இல் கல்யாணம் என்றபோது வீட்டில் நடந்த கூத்தைத் தனியாக ஒரு வாரம் எழுதுகிறேன். மாமனார் உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க முடியாது.)

போர் முடிந்ததும் அரசாங்கங்கள் கைகுலுக்கிக்கொள்கின்றன. நம் நாட்டிலும் அது நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 'இரத்தக் கடனை'த் தீர்க்கச் சொல்லி இங்கே, முக்கியமாகச் சீனச் சமூகத்தில், பெரிய கோரிக்கை எழுந்தது. 1967இல் மலேசியாவும் ஜப்பானும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 25 மில்லியன் வெள்ளி பெறுமானமுள்ள பொருளும் சேவையும் தருவதாக ஜப்பான் ஒப்புக்கொண்டது. அதில் நமக்குக் கிடைத்தவை இரண்டு சரக்குக் கப்பல்கள். புதிதாகத் தொடங்கிய நம் கப்பல் கம்பெனிக்கு அவை பயன்பட்டன, மறுக்கவில்லை. நாட்டுக்கு நாடு கணக்கு தீர்ந்தது. பாட்டியிடம் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அவர் சாகும்வரை நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார், செத்ததற்கு ஒரு காகிதம்கூட இல்லையே என்று. சயாம் ரயிலில் செத்தவர்களின் குடும்பங்கள் இழப்பீடு கேட்டு இன்றும் மனுப் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்தக் கப்பல் கதையைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, அரசாங்கம் அரசாங்கத்துக்குச் செய்யும் உதவி என்றாலே எனக்கு ஒரு இளக்காரம். அந்த இளக்காரம்தான் 2013இல் என்னைத் தப்பு செய்ய வைத்தது.

என் மாமியாரின் தங்கை, என் மனைவிக்குச் சின்னம்மா, கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தனில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது போர்க்காலத்தில் மூடிப்போனது. அவரும் போய்ச் சேர்ந்தார். கடைசிச் சண்டையில் சின்னம்மா மகளோடும் பேத்தியோடும் நடந்து நடந்து முள்ளிவாய்க்கால்வரை போய், 2009 மே மாதம் அங்கிருந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்தார். அப்போது முகாம்களில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். ஊருக்குத் திரும்ப விட்டபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்ததாம். தகரக் கொட்டிலில் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித் தருவதாக 2010இல் அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 46,000, மலையகத்தில் 4,000. முதலில் குத்தகைக்காரரை வைத்து ஆயிரம் வீடுகள் கட்டிப் பார்த்தார்கள். பிறகு முறையை மாற்றினார்கள். 2012 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். அன்றைய கணக்கில் நம் பணம் ஏறக்குறைய 13,000 ரிங்கிட். உடைந்த வீட்டைத் திருத்துவதற்கு என்றால் இரண்டரை லட்சம். பணம் நேராகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் விழும். ஆனால் ஒரேயடியாக விழாது. அத்திவாரம் போட்டால் கொஞ்சம், சுவர் எழும்பினால் கொஞ்சம், கூரை ஏறினால் கொஞ்சம் என்று தவணை தவணையாக வரும். ஒவ்வொரு கட்டத்தையும் ஓர் உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். ஐ.நா.வின் வசிப்பிட அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை கூட நின்று நடத்தின.

எங்களுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவுமில்லை. 2013 ஆகஸ்டில் சின்னம்மா தொலைபேசியில் என் மனைவியிடம் கேட்டது ஒன்றுதான்: கூரைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் குறைகிறது, உதவமுடியுமா? நம் காசுக்கு மூவாயிரத்தைந்நூறு, நாலாயிரம் ரிங்கிட்.

நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "இந்தியா முழு வீட்டுக்கும் காசு தருகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறதே. பின்னே எதற்கு நம்மிடம்? இடையில் யாரோ தின்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்."

பொறுத்துப் பார்த்தோம். எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம்தான் வீட்டு முன்பக்கம் ஓடு பதித்தோம். அக்டோபரில் அங்கே மாரி தொடங்கிவிட்டது. நவம்பரில் என் மனைவி என்னிடம் கேட்காமலே தன் சேமிப்பிலிருந்து அனுப்பினார். அதற்குள் சின்னம்மா தன் காப்பு இரண்டை அடகு வைத்துக் கூரை போட்டுவிட்டிருந்தார். இந்தக் காப்புக் கதை எங்களுக்குத் தெரியவந்தது ஐந்து வருஷம் கழித்து, நேரில் போனபோதுதான்.

2018 டிசம்பர் பள்ளி விடுமுறையில் போனோம். கொழும்பு கோட்டை நிலையத்தில் காலையில் யாழ்தேவி ஏறினோம். 1956இல் ஓடத் தொடங்கிய ரயில். 1990 ஜூனில் யாழ்ப்பாணம் போவது நின்றது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வவுனியாவுக்கு வடக்கே ரயில் என்ற ஒன்றே இல்லை. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் சண்டை போட்டவர்கள் பதுங்கு குழிக்குக் கூரையாக அடுக்கிவிட்டார்கள். போர் முடிந்தபோது புல்லுக்குள் ஒரு மேடு மட்டும் இருந்தது, அதிலும் கண்ணிவெடி.

அந்தப் பாதையைத் திரும்பப் போட்டது இந்திய அரசின் இர்கான் நிறுவனம். வாசகர்களில் கெமாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. நம் சிரம்பான்–கெமாஸ் இரட்டைத் தண்டவாளத்தைப் போட்டதும் இதே இர்கான்தான். கெமாஸுக்குத் தெற்கே, நம் ஜொகூர் பகுதியைச் சீனக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன என்பது வேறு கதை. நெகிரியில் ஓர் அணி வேலை முடிக்கிற அதே காலத்தில் வன்னியில் இன்னோர் அணி ஓமந்தையிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. தலைமன்னார் பாதையும் அதே ஆண்டு மார்ச்சில் திறந்தது.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீடு நன்கொடை. ரயில் கடன். வடக்குப் பாதைகளுக்கு மட்டும் இந்தியா கொடுத்த கடன் சுமார் 800 மில்லியன் அமெரிக்க டாலர். அதைத் திருப்பிக் கட்டவேண்டியவர்களில் சின்னம்மாவும் ஒருவர், காலியில் தேயிலை பறிக்கிற சிங்களப் பெண்ணும் ஒருவர். திறப்பு விழா மேடையில் கடன், கொடை என்று பிரித்துச் சொல்லமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் நட்புறவுதான். அந்த நாடு 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்ததே, அதற்கு எந்தக் கடன் காரணம் என்று பெரிய விவாதமே நடந்தது. அப்போதும் இந்தியா 4 பில்லியன் டாலர் அளவுக்கு உதவியது. தமிழ்நாடு தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் மாவும் மருந்தும் ஒதுக்கியது. அது தமிழருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் போனது. சரியான முடிவு.

ரயில் ஓமந்தையைத் தாண்டியதும் பெட்டியில் பேச்சு குறைந்தது. முறிகண்டி வந்ததும் என் மனைவி ஜன்னலோரம் போய் நின்றார். அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் போகாது, அங்கே கச்சான் வாங்காமல் யாரும் வீடு திரும்பமாட்டார்கள் என்று அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி, பார்க்காத ஊருக்கே ஒரு வாசனை வந்திருந்தது. கச்சான் என்றால் நம்மூர்க் கடலைதான். ரயில் அங்கே நின்றதா என்றால், நிற்கவில்லை. அவருக்கு ஏமாற்றம்.

பரந்தனில் இறங்கினோம். சின்னம்மாவின் மகள் ஆட்டோவோடு வந்திருந்தார்.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். திட்டப்படி குறைந்தது 550 சதுர அடி. நம் ஊரில் மலிவு விலை வீடே அதைவிடப் பெரியது. சின்னம்மா வீடு 550ஐத் தாண்டி இருந்தது. முன்னால் ஒரு விறாந்தை, உள்ளே மூலையில் சின்னதாக ஒரு சாமி அறை. சமையலறை பின்னால் தள்ளி, புகை போக வழிவிட்டு, விறகடுப்போடு. வாசல்படியில் நின்று அவர் எனக்கு ஒவ்வொன்றையும் காட்டினார். கூரை ஓடு எங்கே வாங்கினது, மேசன் எந்த ஊர், மணல் கிடைக்காமல் எத்தனை கிழமை காத்திருந்தது, எல்லாம். போருக்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதால் சீமெந்து, மணல், மரம், மேசன் கூலி எல்லாமே ஏறிவிட்டது. 2012இல் எழுதிவைத்த ஐந்தரை லட்சம் மட்டும் ஐந்தரை லட்சமாகவே இருந்தது. நிறையப் பேர் நகையை அடகு வைத்தார்கள், கடன் வாங்கினார்கள். அவற்றைக் கட்ட முடியாமல் கஷ்டப்பட்டவர்களும் உண்டு.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அன்றைக்கு இடையில் யாரும் காசு எடுத்தார்களா என்று.

"ஒருத்தரும் எடுக்கேல்லை தம்பி. காசு பாங்கிலதான் வந்தது. கதவு நிலைக்கு மேல கொங்கிறீற் போட்டு முடிச்சாத்தான் அடுத்த தவணை. கூரையைப் போட்டுக் காட்டினாத்தான் கூரைக்குக் காசு. கூரை போடக் காசில்லாட்டி எப்பிடிக் காட்டுறது? அதுதான் பிள்ளையிட்டக் கேட்டனான். கேட்டதுக்கு வெக்கமாத்தான் கிடந்தது."

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. அது தெரிந்ததால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காப்பு விஷயத்தைச் சொன்னது பேத்தி. அதுவும் ஏதோ பேச்சுவாக்கில், அம்மம்மாவுக்குக் கை வெறுமையாக இருப்பது பிடிக்காது, அதனால்தான் கண்ணாடி வளையல் போடுகிறார் என்று. என் மனைவி என்னைப் பார்த்தார். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இப்போது பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போய்ச் சேருமா? சேர்ந்தது. குறைவாகச் சேர்ந்தது, ஆனால் நேராகச் சேர்ந்தது. என் சந்தேகம் தப்பான இடத்தில் இருந்தது. யாரோ திருடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். உண்மையில் ஓட்டை திட்டத்தின் கணக்கில் இருந்தது. முதலில் செலவழித்தவருக்குத்தான் அடுத்த காசு என்ற விதி, கையில் ஒன்றுமே இல்லாமல் முகாமிலிருந்து வந்தவருக்கு எப்படிப் பொருந்தும்? அந்த ஓட்டையை அடைத்தது காப்பும் தோடும், லண்டன், டொரோண்டோ, பாரிஸ், கோலாலம்பூரிலிருந்து போன காசும்தான். இரண்டு அரசாங்கங்களின் கூட்டறிக்கையில் அந்தக் காசுக்கு இடமில்லை.

இன்னொரு குறையும் உண்டு. காணி உறுதி கையில் இல்லாதவர்கள் இந்த மாதிரித் திட்டங்களில் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். சின்னம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த குடும்பம் மலையகத்திலிருந்து கலவரக் காலத்தில் வன்னிக்கு ஓடி வந்த தோட்டத்துச் சனம். பேச்சைக் கேட்டவுடன் எனக்கு எங்கள் பாட்டி பேசுவதுபோல இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அதே மண்ணில் இருந்தும் உறுதி கிடையாது. அவர்கள் அப்போதும் தகரத்தின் கீழ்தான் இருந்தார்கள். நம் ஜொகூரில் தோட்டம் மூடியபோது லயத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறியவர்களை நினைத்துக்கொண்டேன். மலையகத்தில் இந்திய வீட்டுத் திட்டம் லயத்துக்குப் பதில் தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் என்று வந்தபோது அங்கே அது ஏன் அவ்வளவு பெரிய விஷயமாகப் பேசப்பட்டது என்பது நமக்குப் புரியும். 2017இல் அதோடு இன்னும் 10,000 வீடுகள் தருவதாக இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்தார்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் அந்தத் திட்டத்தின் பக்கம்தான். காரணம், அதற்குப் பின்னால் வந்த ஒன்று. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 எஃகு வீடுகள் கொண்டுவரப்போவதாக அன்றைய இலங்கை அரசு சொன்னது. பன்னாட்டு எஃகுக் கம்பெனி ஒன்று துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டித் தரும். ஒரு வீடு 21 லட்சம் ரூபாய். சின்னம்மாவுக்குக் கிடைத்ததைப்போல நாலு பங்கு. மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு அந்த ஊர் மக்களே வேண்டாம் என்றார்கள். வன்னி வெயிலுக்கு இரும்பு வீடா, அடுப்பு எங்கே வைப்பது, பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டமுடியுமா என்று கேட்டார்கள். பொறியியல் படித்தவர்களும் கணக்குப் போட்டு, பாதிக் காசுக்குக் கல்வீடு கட்டலாம் என்றார்கள். அந்த வடிவில் திட்டம் நிறைவேறவில்லை.

வீடில்லாதவன் இலவச வீட்டை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பக்கத்துக் காணியில் அவரவர் நின்று கட்டிய வீடுகள் இருந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்னம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "இந்தியா காசு தந்தது. வீடு நான் கட்டினது." இந்தியத் தூதரகம் இதைவிட நல்ல சான்றிதழை எதிர்பார்க்க முடியாது.

அதே சின்னம்மாதான் இந்தியா என்றதும் 1987ஐயும் சொல்வார். அமைதி காக்க வந்த படையோடு அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே டாக்டர்களும் நோயாளிகளும் சாகவில்லையா? ஒரு கையால் அடித்த நாடு இன்னொரு கையால் கட்டித் தருகிறது என்று பேசுகிற இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். சீனா வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் என்றும் சொல்கிறார்கள். பொய்யில்லை. எந்த நாடும் சும்மா கொடுப்பதில்லை. பதின்மூன்றாவது திருத்தத்தை முழுதாக நிறைவேற்றுங்கள் என்று டில்லி பல ஆண்டுகளாகக் கொழும்பிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வீடு எழும்பிய வேகத்தில் அது எழும்பவில்லை. காணாமல்போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சியில் 2017 முதல் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம். அவர்களுக்குத் தர எந்த நாட்டிடமும் தவணை இல்லை. எங்கள் பாட்டியின் வரிசை அது.

நம் மலேசியா என்ன செய்தது என்று பையன் அடுத்துக் கேட்பான். 1980இல் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வளரும் நாடுகளின் அரசு ஊழியர்களை இங்கே கூட்டிவந்து குறுகிய காலப் பயிற்சி தரும் திட்டம். விளம்பரமில்லாத நல்ல வேலை. மற்றபடி, இலங்கையில் யார் கையிலும் பார்க்கிற டயலொக் தொலைபேசியின் பெரும் பங்கு நம் ஆக்சியாட்டாவுக்குச் சொந்தம். சின்னம்மா என் மனைவியிடம் கூரைக்குக் காசு கேட்டதும் அந்த டயலொக்கில்தான். அரசாங்கம் வீடு கட்டித் தரவில்லை. சிலோன் குடும்பங்களும் கோயில்களும் சங்கங்களும் தனித்தனியாகச் செய்தது உண்டு. அதை யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது போவது சுலபமாகிவிட்டது. பலாலியில் 2019இல் விமான நிலையம் திறந்து, இடையில் கொரோனாவால் நின்று, மறுபடி சென்னையிலிருந்து விமானம் வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் விட்டார்கள். சில நாளில் மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் வேறு கப்பலோடு திரும்பத் தொடங்கினார்கள். நாலு மணி நேரப் பயணமாம். யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிய பதினொரு மாடிக் கலாசார மண்டபம் வானளாவி நிற்கிறது. அதன் பெயரை மாற்றியதில் ஒரு சர்ச்சை வந்து ஓய்ந்தது. சின்னம்மா அதை உள்ளே போய்ப் பார்க்கவில்லை. "அது பெரிய ஆக்களுக்கு" என்றார்.

திரும்பும் நாள் பரந்தன் நிலையத்தில் ரயில் தாமதம். சின்னம்மா ஒரு பையில் பனங்கட்டியும் ஒடியலும் கட்டிக் கொடுத்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மாமா மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். குளுவாங் இருக்கிறதா? இருக்கிறது. ரெங்கம்? இருக்கிறது. லாபிஸ்? இருக்கிறது. பாலோவில் இப்போதும் ரயில் நிற்குமா என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்தக் காப்பை மீட்க எவ்வளவு வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். தலையை ஆட்டினார். 2014இலேயே ஏலத்தில் போய்விட்டதாம். ஜொகூர் பாருவுக்கு வந்து ஜாலான் உங்கு புவானில் ஒரு சோடி வாங்கி, அடுத்த முறை போன உறவினரிடம் கொடுத்தனுப்பினோம். போட்டுக்கொண்டாரா என்று கேட்டால், பேத்தியின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாராம்.

பையன் வரும் டிசம்பரில் யாழ்ப்பாணம் போவதாகச் சொல்லியிருக்கிறான். ரயிலில் போ, விமானத்தில் போகாதே என்றேன். எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டிருக்கிறான். பார்த்துச் சொல்லவேண்டும்.